மைதானத்தில் சொன்ன விலாசம்

வெல்கிளென் தோட்டம்,
மேல் டிவிஷன்,
நோட்டன் பிரிட்ஜ்.
17.8.1986

அன்பு மகள் மார்கிரட்டுக்கு,

மாதாவின் காவலில் நானும் தம்பி றோலண்டும் இங்கே சுகம். கடல் தாண்டி இருக்கிற நீயும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று இன்று காலைப் பூசையிலும் உன் பெயரைச் சொல்லித்தான் மன்றாடினேன். இங்கே மழை விட்டபாடில்லை, தேயிலையில் கொழுந்தும் இல்லை, வாரத்தில் மூன்று நாள் வேலை கொடுத்தால் பெரிய விஷயம். பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக நான் பார்த்துக்கொள்வது இப்போது பதினெட்டுப் பிள்ளைகள், பாதிக்கு மூக்கு ஒழுகுகிறது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சிஸ்டர்மாரும் தாதிமாரும் சேர்ந்து அடுத்த மாதம் ஏதோ பூங்காவில் பத்து மைல் ஓடப் போகிறீர்கள் என்றும், ஓடுகிற ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு தருகிறோம் என்று தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றும், சேருவதை நம் நாட்டில் சண்டையில் நொந்துபோன சனத்துக்கு அனுப்புவீர்கள் என்றும் எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓட, நீ ஒருத்திதான் அடுத்த பஸ் வரும் என்று நின்றவள். இப்போது பத்து மைலாம். சப்பாத்துக் கடிக்காமல் காலுக்கு நல்ல மேஸ் போட்டுக்கொண்டு ஓடு, வெறும் வயிற்றோடு ஓடாதே.

ஆனால் அந்தக் கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாயே, நம் வீட்டில் இருக்கிற நாகலெட்சுமியையும் அவள் மகளையும் ஒரு படம் பிடித்து அனுப்புங்கள், நோட்டீசில் போட்டால் கூடக் கொஞ்சம் பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று. அதை அனுப்பமாட்டேன். உன்மேல் கோபமில்லை, நீ நல்ல மனதோடுதான் கேட்டாய், உனக்கு இங்கே நடந்தது தெரியாது. எனக்குத்தான் மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. அதனால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உங்கள் ஊரில் மட்டுமில்லை, இங்கேயும் ஒரு ஓட்டம் நடந்தது. யுத்தத்தில் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கு நிதி சேர்க்கிற ஓட்டம். டவுனில் அச்சுக்கூடம் வைத்திருக்கிறானே இராயப்பன், உன் முதல்நன்மை அட்டையை அடித்துத் தந்தவன், அவன்தான் ஓட்டக் குழுவுக்குக் காரியதரிசி. அணைக்கட்டிலிருந்து டவுன் மைதானம் வரைக்கும் ஏழு மைல், எல்லாம் ஏற்றமும் வளைவும். சாமியார் பூசையில் அறிவித்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடைப் பையன்கள், தோட்டத்து இளசுகள் என்று நூறு பேருக்குமேல் பெயர் கொடுத்தார்கள், நம் றோலண்டும் கொடுத்தான். ஒரே கூரைக்குக் கீழ் ஒட்டி ஒட்டி இருக்கிற லயத்துச் சனம் கையில் காசில்லாமல் ஆளுக்கு ஒரு பேரை, ஒரு நாள் கூலியை, சம்பளத்தில் வெட்டிக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் வேலை இருக்கிற நேரத்தில் ஒரு பேர் என்றால் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எனக்குக்கூடப் பெருமையாகத்தான் இருந்தது.

நாகலெட்சுமியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். கந்தப்பளைப் பக்கத்துப் பிள்ளை, எழுபத்தேழு கலவரத்தில் குடும்பத்தோடு அடிபட்டு வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடிசை போட்டவர்கள். அங்கேயும் ஆமி வந்து சுற்றிவளைத்தபோது பிடித்துக்கொண்டு போன அவள் புருஷன் வீரய்யா இன்றுவரை திரும்பவில்லை. குடிசையும் எரிந்துபோய், ஆறு வயது சண்முகவடிவைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலையேறி வந்தாள். போக வேறு இடமில்லை. ஒன்றரை வருஷமாக நம் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், சாக்கைக் கட்டி மறைத்துக்கொண்டு இருக்கிறாள், பக்கத்துத் தோட்டத்துக் காய்கறித் தோட்டங்களில் கைக்காசுக்கு வேலை செய்கிறாள். வெளியாட்களை லயத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். தோட்டத்தை நடத்துகிற பெரியதுரை தினமும் அந்த வழியாகத்தான் ஜீப்பில் போவார், பீலியில் அவள் தண்ணீர் பிடிப்பதைப் பார்ப்பார், பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விடுவார். அந்த ஒரு நல்ல குணம் அவரிடம் இருந்தது.

ஓட்டத்துக்கு முதல் நாள் இராயப்பன் லயத்துக்கே வந்து, நாகலெட்சுமி மைதானத்துக்கு வரவேண்டும், ஓடி முடித்தவர்களுக்கு அவள் கையால் மாலை போட வேண்டும் என்றான். அவள் மாட்டேன் என்றாள். ஆயாம்மா, அத்தன சனத்துக்கு முன்னுக்கு நிக்க எனக்கு வெக்கமா இருக்குங்க, என்னைய விட்டுருங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். போ என்று சொன்னவள் நான்தான். உனக்கென்று சேர்க்கிற நிதி, நாலு தகரமாவது தருவார்கள், சாக்குக்குப் பதில் தகரம் அடிக்கலாம் என்று நான்தான் வற்புறுத்தினேன். நீ அனுப்பிய ஊதா நைலக்ஸ் சேலையை எடுத்துக் கட்டிவிட்டேன், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டேன். மைதானத்துக்குப் போனால் இராயப்பன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா. என்னங்கக்கா இது, கலியாணத்துக்கு வர்ற மாதிரி கூட்டிட்டு வந்திருக்கீங்க, வவுனியாவுல இருந்து வரும்போது கட்டியிருந்த மாதிரிக் கட்டச் சொல்லுங்க, சனம் பார்த்தாத்தானே மனசு எறங்கும் என்றான். சீ என்று துப்பிவிட்டு அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நான் வரவில்லை. தகரம் என் கண்ணை மறைத்துவிட்டது. மேடைக்குப் பின்னால் நான் கட்டியிருந்த பழைய சேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஊதாச் சேலையை நான் சுற்றிக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன் மகள், மழையில் நனைந்து, வாயில் நுரை தள்ள, சிலது அழுதுகொண்டே ஓடி வந்தன. றோலண்ட் நாலாவதாக வந்தான். ஓடினவர்களுக்கு வெள்ளைச் சப்பாத்துக் கொடுத்திருந்தார்கள், படம் பிடித்து முடிந்ததும் அங்கேயே கழற்றி வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டார்கள். அவன் குதிகால் உரிந்த காலோடு வெறுங்காலில்தான் வீட்டுக்கு நடந்தான்.

பிறகு இராயப்பன் மைக்கைக் கொண்டுபோய் நாகலெட்சுமியின் வாயருகே பிடித்தான். மேடையில் பெரியதுரை, பக்கத்தில் பொலிஸ் பெரியவர், தொழிற்சங்கத்துத் தலைவர்கள் எல்லாம் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு என்ன நடந்தது, நீங்களே ஒங்க வாயால சொல்லுங்கம்மா என்கிறான். அவள் வாயே திறக்கவில்லை. சண்முகவடிவு தாயின் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டது. படக்காரன் அந்தப் பிள்ளையின் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினான். ஒரு பிள்ளையின் தலையைப் பூசணிக்காயைத் திருப்புகிற மாதிரித் திருப்பினான், கூட்டத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் பேசவில்லை என்றதும், சரி, இப்ப எங்கம்மா இருக்கீங்க, அதையாவது சொல்லுங்க என்றான். நம் ஆட்களிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் எப்படிச் சொல்வோம், ஊரையா சொல்வோம், லயத்து நம்பரோடுதானே சொல்வோம். பிறந்ததிலிருந்து, விடியக்காலை வேலைக்குப் பேர் எடுக்கிற பெரட்டிலும் ஆபீசிலும் அப்படித்தானே சொல்லிப் பழக்கம். அவளும் தலையைக் குனிந்துகொண்டு, வெல்கிளென் மேல் டிவிஷன், ஆறாம் லயம், நாலாம் காம்பரா, ஆயாம்மா வீட்டு இஸ்தோப்புலங்க என்று மைக்கில் சொன்னாள். மைதானம் முழுக்கக் கேட்டது. சனம் கைதட்டியது. நான் துரையைப் பார்த்தேன். அவர் பொலிஸ் பெரியவரைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார்.

மறுநாள் பெரட்டில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு றோலண்டைத் தனியே கூப்பிட்டு, வவுனியாவிலிருந்து வந்த ஆளை வெளியே அனுப்ப வேண்டும், மூன்று வாரம் தவணை, இல்லாவிட்டால் காம்பராவுக்கே பூட்டு என்று சொல்லிவிட்டார். துரை வேண்டுமென்று செய்யவில்லையாம், பொலிசுக்கு முன்னால் ஊரறியச் சொன்ன பிறகு தெரியாது என்று எப்படிச் சொல்வது என்றாராம். ஒன்றரை வருஷம் யாருக்கும் தெரியாமல் கிடந்தவளை ஒரே நாளில் எல்லாருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டோம். அவளோ ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லாமல், இருக்கிற இரண்டு சட்டியையும் சாக்கில் கட்டி மூலையில் வைத்துவிட்டாள்.

நான் அடுத்த நாளே அச்சுக்கூடத்துக்குப் போனேன். தகரம் கேட்கப் போகவில்லை. குழுவின் பேரில் துரைக்கு ஒரு கடிதம் எழுது, இந்தப் பெண்ணுக்குத்தானே ஓடினீர்கள், இவளை வெளியே போடாதீர்கள் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடு என்று கேட்டேன். இராயப்பன் டீ வரவழைத்தான். ஓட்டம் நல்லபடியா முடிஞ்சிருச்சுக்கா, சேர்ந்ததெல்லாம் கொழும்புக்கு அனுப்பியாச்சு, இது தோட்டத்து விஷயம், குழு இதுல தலையிடக் கூடாதுங்க என்றான். சொல்லிக்கொண்டே மெஷினிலிருந்து ஈரம் காயாத ஒரு தாளை எடுத்துக் காட்டினான். அடுத்த வருஷத்து ஓட்டத்துக்கான நோட்டீஸ். நடுவில் நாகலெட்சுமியும், படக்காரன் தலையைத் திருப்பிவிட்ட அந்தப் பிள்ளையும். படம் நல்லா விழுந்திருக்குல்ல, அடுத்த வருஷமும் அவங்களக் கூட்டிட்டு வந்துருங்க என்றான். அவள் அடுத்த வருஷம் எந்த ரோட்டில் இருப்பாளோ தெரியாது, இவனுக்கு அவள் படம் போதும். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அதனால்தான் படம் இல்லை என்கிறேன். நீங்கள் ஓடுங்கள். யாருக்கு என்று கேட்டால் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் என்று சொல். அவர்கள் முகத்தைக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறவனின் கையெழுத்து நமக்கு வேண்டாம். சேர்ந்ததை இராயப்பன் குழுவுக்கு அனுப்பாதே, அங்கேயே உங்கள் மதருக்குத் தெரிந்த நல்ல வழி இருந்தால் பார்.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆபீசுக்குப் போய்க் கிளாக்கர் நடராசா முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவர் நல்ல மனுஷன். லயத்துப் பட்டியலை விரித்து, ஆயாம்மா, புதுசா ஏத்துறதுக்கு எடமில்ல, ஒரு பேர வெட்டினாத்தான் ஒரு பேர ஏத்தலாம் என்றார். நம் காம்பராவில் என் பெயர், றோலண்ட் பெயர், உன் பெயர். நீ போன ஏழு வருஷமாக ஒவ்வொரு தைமாதமும் அவர் கேட்பார், இந்த வருஷம் வந்துவிடுவாள் என்று நான் சொல்வேன், அவரும் வெட்டாமல் விடுவார். இந்த முறை நானே வெட்டச் சொன்னேன். அவர் அடிமட்டத்தை வைத்து உன் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். கீழே நாகலெட்சுமி என்று எழுதினார், பிள்ளை தாயோடு சேர்த்தி, அதற்குத் தனிப் பேர் தேவையில்லையாம். உறவு என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டார். மகள் என்று போடுங்கள் என்றேன். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரி வீட்டில் நாகலெட்சுமியா என்று அவர் கேட்கவில்லை. துரையும் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். சாக்கில் கட்டின சட்டி மறுபடி அடுப்பில் ஏறிவிட்டது.

குளிருக்கு முன்னால் கம்பளி வாங்கிக்கொள், இராத்திரி வேலை முடிந்தால் தனியாக வராதே, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவரும் மாதாவும் உன் காலடிக்கு முன்னால் நடக்கட்டும். வரமுடிந்த வருஷம் வா மகள், சீக்கிரம் வா. வருவதற்கு ஒரு வாரம் முன்பே எழுதிவிடு, மறந்துவிடாதே. வீட்டுக்கு ஒரு வெளியாள் வருகிறாள் என்று நான் ஆபீசில் போய்ச் சொல்லி உனக்கு அனுமதி வாங்கி வைக்க வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மரியநாயகி