முன் இடப்பக்கத்துச் சத்தம்

செப்டம்பர் 3, 2025, புதன்

வண்டிச் சத்தத்தைப் பற்றி இன்று முதல் ஒழுங்காக எழுதி வைப்பது. மனத்தில் மட்டும் வைத்துக்கொண்டால் இன்று பார்த்தது நாளைக்கே சந்தேகமாகிவிடுகிறது.

1. சத்தம் காரின் முன் இடப்பக்கம். வேகத்தடையிலும் குழியிலும் ‘லொடக்’. சமமான சாலையில் இல்லை.

2. சக்கரத்தைத் தாங்கும் பாகங்களில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: லிங்க் ராடு, லோயர் ஆர்ம் என்கிற கீழ்க்கையின் ரப்பர் புஷ், ஷாக் அப்சர்பரின் மேல் மவுண்ட். இதே வரிசையில் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

3. மகள் பிரியா ஓசூரிலிருந்து 20ஆம் தேதி வருகிறாள். அதற்குள் சத்தம் போகாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

4. மனைவி ராசாத்தாள் சத்தம் வலப்பக்கம் என்கிறாள். அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

எழுதியது தெளிவாகத்தான் இருக்கிறது. இருபத்தைந்து வருடத்து வண்டியைப் பிரித்து மாட்ட எழுபத்து மூன்று வயதில் தைரியம் இருக்கிறதா என்பதை மட்டும் எழுதவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

இடப்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். ஜாக்கியை நம்பாமல் இரண்டு இரும்பு ஸ்டாண்டு. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். போதாதென்று கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன். ராசாத்தாள் காபியோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏனுங்க, வண்டி உழுகாமப் பாத்துக்கறீங்களா, இனிமே ஓடாமப் பாத்துக்கறீங்களா?”

லிங்க் ராடைக் கையால் ஆட்டினேன். அசைவது போலிருந்தது. அசைந்ததா, போலிருந்ததா? காந்திபுரத்தில் மெக்கானிக் ஷாஹுல் கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டினேன். நட்டு இறுகியிருக்கிறதா என்று நான்கு தடவை பார்த்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்தாவது தடவை.

செப்டம்பர் 5, வெள்ளி

வழக்கம்போல் பொள்ளாச்சி, ராசாத்தாளின் தங்கை வீடு. வெள்ளிக்கிழமை தவறினால் அவளுக்கு வாரமே ஓடாது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வழி முழுக்கப் பேச்சு. தங்கை வீட்டுத் தென்னைக்கு வந்த வெள்ளை ஈ, பக்கத்து வீட்டு மருமகள், நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் வாங்கித் தந்து அவளுக்குப் பிடிக்காமல் போன ஒரு பச்சைச் சேலை. அந்தச் சேலைக்கு இன்றும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கிணத்துக்கடவு வேகத்தடையில் லொடக்.

“உங்க பக்கந்தானுங்க,” என்றாள். இல்லை, உன் பக்கம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

லிங்க் ராடு குற்றவாளி அல்ல.

செப்டம்பர் 9, செவ்வாய்

கீழ்க்கையைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி ஆட்டோவில் ஷாஹுலிடம் கொண்டுபோனேன். பழைய புஷ்ஷை அழுத்து இயந்திரத்தில் வைத்துத் தள்ளிப் புதிது ஏற்றிக் கொடுத்தார். பழையதில் வெடிப்பு இருந்தது. இதுதான் என்று அவரும் சொன்னார், நானும் நம்பினேன். மாட்டி முடிக்க மாலையாகிவிட்டது.

செப்டம்பர் 10, புதன்

சத்தம் இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

மேல் மவுண்டைக் கழற்ற ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பிடி நழுவினால் தாடை போய்விடும். எனக்குப் பயம் என்று ஷாஹுலிடம் ஒளிக்காமல் சொன்னேன். “பயம் இருக்கறவங்கதான் சார் முழுசான கையோட வீட்டுக்குப் போவாங்க,” என்று தாமே வந்து ஷாக் அப்சர்பரை எடுத்துப் போனார். நாளை வருமாம்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, பொள்ளாச்சி போகவில்லை. டாக்சி சொல்லட்டுமா என்று ராசாத்தாளிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். இனிமேல் டாக்சிதானே, பழகிக்கொள் என்றேன். நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. “டாக்சீல போனா நீங்க முன்னால உக்காருவீங்க, நான் பின்னால உக்காரோணும். நம்ம வண்டீல போறப்பத்தானுங்க நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றீங்க. ஊட்டுல பத்துக் கேட்டா ரெண்டுக்குச் சொல்றீங்க.”

அப்படியா நான்? நாற்பத்தாறு வருசமா அப்படியா இருந்துபோட்டேன்? கோபம் இல்லையே எனக்கு, எப்பவும் இருந்ததில்லையே. அவ பேசினா எனக்குப் புடிக்குமே —

இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

செப்டம்பர் 13, சனி

புது மவுண்ட் போட்டு ஷாக் அப்சர்பரை ஷாஹுல் கொண்டுவந்தார். மாட்டினோம். தெருமுனை வேகத்தடையில் மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். மூன்று தடவையும் லொடக், அதே இடப்பக்கம்.

பட்டியலில் இனி ஒன்றும் இல்லை. வண்டியை வாங்கக் கேட்டிருந்தவரை 21ஆம் தேதி வரச் சொன்னேன்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும்.

விற்பதற்கு முன் ஒருமுறை, வண்டி நின்றபடியே கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ராசாத்தாளை பானட்டின் நடுவில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கி அமுக்கி விடச் சொன்னேன். “மாவாட்டறதைத்தான் நிறுத்திப்போட்டேன்னு நெனச்சேன்,” என்றபடி அமுக்கினாள். லொடக் வந்தது.

வண்டிக்கு முன்னால் ஆறடி தள்ளி, அதைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக் கேட்டேன். சத்தம் என் இடக்கைப் பக்கம். தாளில் ‘இடம்’ என்று குறித்தேன். பின்னால் போய் நின்று கேட்டேன். மறுபடி என் இடக்கைப் பக்கம். ‘இடம்’ என்று குறித்தேன்.

பிறகுதான் தாளைப் பார்த்தேன். வண்டிக்கு எதிரே நின்றால் என் இடக்கை வண்டியின் வலப்பக்கம் அல்லவா? இரண்டும் சரியாக இருக்க வழியில்லை. நின்ற இடத்திலேயே கால்வட்டம் திரும்பிக் கேட்டேன். சத்தமும் என்னோடு திரும்பியது.

நான் திரும்பினால் திரும்புகிற சத்தம் வண்டியில் எப்படி இருக்கும்?

அப்போது தோளில் கை பட்டுத் திடுக்கிட்டேன். ராசாத்தாள் என் வலப்பக்கம் நின்றிருந்தாள். போதுமா, இன்னும் அமுக்க வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டாளாம்.

கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். மில்லில் ஓய்வு பெற்றபோது கொடுத்தது, சாவி கொடுக்கிற வகை. இடக் காதில் வைத்தேன், டிக் டிக். வலக் காதில் வைத்தேன். நின்றுவிட்டதா பார் என்று அவளிடம் நீட்டினேன்.

அவள் தன் காதில் வைத்துப் பார்த்தாள். “நல்லா ஓடுதுங்களே.”

திரும்ப வாங்கி மறுபடி இடக் காதில் வைத்தேன், டிக் டிக்.

தறிக்கூடத்தில் என் மேசை வாசலை ஒட்டி இருந்தது. உட்கார்ந்தால் வலக் காது தறிகளைப் பார்த்திருக்கும். இருபத்தெட்டு வருடம் அந்த இரைச்சல். தறியின் கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்குரூ டிரைவர் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன், எப்போதும் இடக் காதில்தான். ஏன் என்று ஒருநாளும் என்னை நானே கேட்டதில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வலப்பக்கத்தைத் தூக்கினேன். அதே இரண்டு ஸ்டாண்டு, அதே கற்கள். லிங்க் ராடைத் தொட்டதுமே தெரிந்தது. முனையிலிருக்கும் குண்டு கிண்ணத்துக்குள் சோழி போல உருண்டது. இது ‘போலிருந்தது’ இல்லை. மாற்ற அரை மணி நேரம்.

வேகத்தடையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காதை நம்பாமல் ராசாத்தாளிடம் கேட்டேன். “இல்லீங்க. சுத்தமா இல்லீங்க,” என்றாள்.

செப்டம்பர் 17, புதன்

காது டாக்டர். வலக் காதில் மிகவும் குறைவு, பல வருடப் பழசு, இடக் காது வயதுக்குப் பரவாயில்லை என்றார். வலக் காதுக்குக் கருவி வைத்துக்கொண்டால் ஓரளவு கேட்குமாம். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். ஓட்டலாம், பக்கக் கண்ணாடியை இரண்டு தடவை பாருங்கள் என்றார். நான் மூன்று தடவை பார்க்கிறவன் என்று ராசாத்தாள் அவரிடம் சொல்லிவிட்டாள்.

பிரியாவிடம் சொல்வதா? சொன்னால் சாவியை வாங்கிக்கொள்வாளோ? சத்தம்தான் போய்விட்டதே, காதைப் பற்றி எதற்கு? இல்லை. பாதி சொல்வது எனக்குச் சரிப்படாது.

செப்டம்பர் 20, சனி

பிரியா வந்ததும் காபி கூடக் கொடுக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பையை இறக்கி வைத்தாள். வண்டியை ஓட்டச் சொல்லி என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சூலூர் வரை போய்த் திரும்பினோம். கண்ணாடியை நான் பார்க்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியவள், “கருவி வாங்காம வண்டிய எடுக்கக் கூடாதுங்கப்பா. மத்தபடி பொள்ளாச்சி போய்ட்டு வாங்க,” என்றாள். வண்டியை வாங்க வருவதாக இருந்தவருக்கு அவளே போன் செய்து விற்கவில்லை என்று சொன்னாள். “ஏனுங்கப்பா, அம்மா மொத நாளே வலப்பக்கம்னு சொன்னாங்களாமே?” என்றும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. நன்றாகக் கேட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

முன்னறையில் என் நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து ராசாத்தாளின் நாற்காலிக்கு மறுபக்கம் போட்டேன். இனி அவள் எனக்கு இடப்பக்கம். சாப்பாட்டு மேசையிலும் இடம் மாறிக்கொண்டோம். காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள். பச்சைச் சேலை மறுபடியும் வந்தது. அந்தச் சேலையைப் பற்றி வீட்டிலும் இத்தனை நாள் பேசியிருக்கிறாள் என்பது இன்றுதான் தெரிகிறது.

3ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முதல் குறிப்பு தப்பாகப் போனதற்குக் காது காரணம். ராசாத்தாள் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்ற நான்காவது குறிப்பும் தவறு. அதற்குக் காதைக் காரணம் சொல்ல முடியாது.