டப்பாவுக்குள் அடைபட்ட கப்பல்காரன்

என்னங்க,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

என் போனை உங்களுக்காக விட்டுப் போகிறேன். ஹாட்ஸ்பாட் போட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணுக்குக் கம்ப்யூட்டரின் பெரிய திரைதான் சரி. மத்தியானம் நம் கப்பல்காரப் பிள்ளை அதில் கூப்பிடுவான்.

"பெத்த அப்பன் பேசிட்டிருக்கும்போதே கட் பண்ணிட்டான் பாரு" என்று மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்களே, பிள்ளை கட் பண்ணவே இல்லை. நீங்கள் மரம் இழைக்கிற தூள் படக்கூடாதென்று, பேச்சுக்கு நடுவில், கம்ப்யூட்டருக்கு நெட் கொடுத்துக்கொண்டிருந்த என் போனை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடியது நீங்கள்தான்! சந்தேகம் வந்து நேற்று நானே செய்து பார்த்தேன். மூடினால் நெட் போகிறது, திறந்தால் வருகிறது.

எனக்குப் புல்லரித்துவிட்டதுங்க. நடுக்கடலில் இருக்கிறவன், ஒரு வயர்கூட இல்லாமல், இந்த உள்ளங்கை அகலப் போன் வழியாக நம் கூடத்துக்குள் வந்து சிரிக்கிறான். அத்தனை தண்ணீரையும் தாண்டி வருகிறவனால் ஒரு டப்பா மூடியைத் தாண்ட முடியவில்லை.

கூப்பிட்டால் பச்சைப் பட்டனை அழுத்துங்கள். முதலில் நீங்களே பேசுங்கள்.

மறந்துவிட்டேன்: டப்பா மூடியைத் தேடாதீர்கள். என் பையில் இருக்கிறது.