வகுப்பறையில் உன் கட்டில் மெத்தை

இன்று காலை உன் மெத்தையைப் பள்ளிக்கூட விறாந்தைக்கு இழுத்து வந்து வெயிலில் போட்டேன். மாரி முழுவதும் மூலையில் கிடந்ததில் உறையாகத் தைத்த படங்குத் துணி பூஞ்சணம் பிடித்திருந்தது. வெயில் ஏற ஏற, சூடான படங்கும் இலவம் பஞ்சும் கலந்த அந்த மணம் எழும்பியது. நீயே பக்கத்தில் வந்து சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய், மற்றப் பக்கம் பிரட்டு" என்று சொல்வது போலிருந்தது.

அதிபர் அந்தப் பக்கமாக வந்தார். "ரீச்சர், உந்த உருளுற பாடத்தை நீங்கள் தொடர்ந்து செய்யிறதெண்டால் மெத்தை வகுப்பிலை கிடக்கட்டும். இல்லாட்டில் ஸ்ரோருக்குப் போகட்டும்" என்றார். மத்தியானம் சொல்கிறேன் என்று தப்பினேன். நான் எவ்வளவு பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். நீ இல்லாமல் ஒரு பிள்ளையையும் நான் உருளவிட்டதில்லை.

இது உன் கலியாணத்துக்கு உன் அம்மா தைப்பித்துத் தந்த மெத்தை. ஓட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு குருநகரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்திறங்கினாய். "அப்ப உன்ரை மனுசன் எங்கை படுக்கிறார்?" என்று கேட்டேன். "பாயிலை. முதுகுக்கு நல்லமாம்" என்றாய், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நாம் இருவரும் சேர்ந்து எடுத்த முதல் பாடம் நினைவிருக்கிறதா? தரம் இரண்டுப் பிள்ளைகள். நிலத்தில் வெண்கட்டியால் பெரிது பெரிதாக எழுத்துகளை எழுதினாய். நீ கூப்பிடும் எழுத்தின் மேல் பாய்ந்து, அங்கிருந்து மெத்தையில் உருள வேண்டும். "ப!" என்று கூப்பிட்டாய். ஒருவரும் அசையவில்லை. முன்னால் நின்ற சிறுமியின் பெருவிரல் மட்டும் எழுத்தின் ஓரத்தில் பட்டுவிட்டது. உடனே குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எழுத்தை மிதிச்சால் சரஸ்வதி கோவிப்பா, ரீச்சர்" என்று விம்மினாள். அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்கிய பிள்ளைகள் அல்லவா? மாதா கோயில் மணியோடு வளர்ந்த உனக்குத்தான் தோன்றவில்லை என்றால், அச்சுவேலிச் சைவக்காரி எனக்கும் தோன்றவில்லை.

நீ சிரிக்கவில்லை. முழந்தாளிட்டு ஈரத்துணியால் எழுத்துகளைத் துடைத்தாய். பிறகு அவளைப் போலவே நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாய். "சரி, ஒருத்தரும் மிதிக்க வேண்டாம். நீங்களே எழுத்தாகுங்கோ" என்று மெத்தையில் மல்லாந்து கிடந்து, கையையும் காலையும் மேலே நீட்டினாய். "ப!" என்று வகுப்பே கத்தியது. அழுத சிறுமி பக்கவாட்டில் படுத்து முதுகை நிமிர்த்தி, காலை முன்னால் நீட்டி "ட" ஆனாள். ஒருவன் உருண்டு வந்து அவளுடைய தலைப்பக்கம் சுருண்டு, புள்ளியாகி அவளை "ட்" ஆக்கினான். அன்று முழுக்க அவள் எழுத்தாகவே இருக்கவேண்டும் என்று அடம்பிடித்தாள்.

அதன்பிறகு எல்லாப் பாடமும் மெத்தையில்தான். கால்வட்டம், அரைவட்டம் என்று திரும்பிப் பாய்ந்து கணக்குப் படித்தார்கள். சுற்றாடல் பாடத்துக்குத் தவளையும் நண்டுமாக நடந்தார்கள். நண்டு நடையில் ஒரு சின்னப் பிழைகூட நீ விடமாட்டாய், கடற்கரைக்காரி. ஒரு தாய் வந்து, "குட்டிக்கரணம் அடிக்கவோ பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புறம்?" என்று சண்டை பிடித்தா. "ஓம் அம்மா. வீட்டை போய் அரைவட்டம் எண்டால் என்னெண்டு கேட்டுப் பாருங்கோ. தெரியாட்டில் நாளைக்கு வந்து உந்த மெத்தையைக் கொளுத்துங்கோ" என்றாய். மறுநாள் அந்த அம்மா மெத்தைக்குப் போட ஒரு பழைய விரிப்போடு வந்தா.

எனக்கு ஒரே வேலைதான். ஓரத்தில் முழந்தாளிட்டு, உருளும் பிள்ளையின் பிடரிக்கு உள்ளங்கையைக் கொடுக்க வேண்டும். "நாடியை நெஞ்சிலை வை. பயப்பிடாதை, ரீச்சரின்ரை கை கிடக்கு" என்று நீ சொல்வாய், பிள்ளையும் மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். சொல் உன்னுடையது, கை என்னுடையது. அப்படியே பழகிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் உன் கடைசிக் கிழமை, தாதி உன்னைப் பக்கம் திருப்பியபோது உன் தலை துவண்டது. பிடரியில் கையைக் கொடுத்தேன். கண்ணைத் திறந்து, "நாடியை நெஞ்சிலை வைக்கட்டோ, ரீச்சர்?" என்றாய். உன் தலையில் பாரமே இல்லை. நான் வெளியே போய் நின்று அழுதேன்.

இன்று இடைவேளைக்குப் பிறகு மெத்தையை வகுப்புக்குள் இழுத்து விரித்தேன். அதிபருக்கு அதுதான் என் பதில். பிள்ளைகள் சுற்றி நின்றார்களே தவிர ஒருவரும் கிட்ட வரவில்லை. சொல்வதற்கு நீ இல்லையே. கடைசியில் ஒரு சின்னவள் வந்து குந்தினாள். "பயமாக் கிடக்கு, ரீச்சர்" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவளுடைய பிடரிக்குக் கையைக் கொடுத்தேன். வாயைத் திறந்தேன், உன் சொல்தான் வந்தது. "நாடியை நெஞ்சிலை வை. பயப்பிடாதை, ரீச்சரின்ரை கை கிடக்கு."

உருண்டாள். அந்தச் சின்னத் தலையின் பாரமும் சூடும் என் உள்ளங்கையைக் கடந்து போயின. அந்தக் கையால்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.