துரையின் நாடாப்புழு

அன்புள்ள அக்கா,

இன்று காலை சமையலறை மேடையில் பழைய நாளிதழ் ஒன்றின் மேல் வெள்ளரி விதைகள் காய்ந்துகொண்டிருந்தன. காப்பித் தம்ளரோடு அந்தப் பக்கம் போனவன் நின்றுவிட்டேன். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து ஒரு விதையைப் பார்த்தேன். இரு முனையும் குறுகி, நடுவில் சற்றே பருத்து, வெளுப்பாக இருந்தது. "விதைக்குக் கூடவா வைத்தியம்?" என்று மனைவி சிரித்தாள். எனக்கு நீங்கள் கொண்டுவந்த தீப்பெட்டி நினைவுக்கு வந்திருந்தது. நீங்கள் காலமாகி நான்கு மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத இதைவிட நல்ல காரணம் கிடைக்காதென்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் உங்கள் பக்கத்து மிருகாசுபத்திரியில் மருத்துவர். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. பசுவுக்குச் சினை பார்ப்பதும் ஆட்டுக்கு ஊசி போடுவதுமாகப் போகும் நாட்கள். பெருமாட்டி ஊருக்குக் கிழக்கே இருந்த உங்கள் தென்னந்தோப்பிலிருந்து ஒரு செம்பட்டை நாட்டு நாயோடு வந்தீர்கள். பதிவேட்டுக்காகப் பெயர் கேட்டேன்.

"துரைங்க. வேலை ஒண்ணும் செய்யமாட்டான், வேளாவேளைக்குச் சோறு மட்டும் வேணும். வேறென்ன பேரு வெக்கறதுங்க?"

நாய் பின்புறத்தைத் தரையில் தேய்க்கிறது, வாலடியில் வெள்ளையாக ஏதோ நெளிகிறது என்றீர்கள். நான் முறைப்படி அதன் மலத்தை உப்புக் கரைசலில் கலக்கினேன். புழுவின் முட்டைகள் இருந்தால் மேலே மிதந்து வரும். காத்திருந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணாடிச் சில்லை மாற்றி மறுபடி பார்த்தேன். அப்போதும் இல்லை. அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

"ஏனுங்க டாக்டர், என்ற கண்ணுக்குத் தெரியறது உங்க மிசினுக்குத் தெரியலீங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. நீங்கள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டீர்கள். அதுதான் என்னை இன்னும் சங்கடப்படுத்தியது.

இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்து என் மேசைமேல் தீப்பெட்டியை வைத்தீர்கள். உள்ளே எள்ளைப் போல் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டதும் ஊறி, வெள்ளரி விதையின் வடிவத்துக்கு வந்தது. இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தேன். ஒரு மெல்லிய பைக்குள் பத்துப் பதினைந்து முட்டைகள் திராட்சைக் குலையாக இருந்தன. அருகில் இன்னொரு பை, அதற்கப்பால் இன்னொன்று. நாடாப்புழு தன் உடலின் கடைசித் துண்டுகளைக் கழற்றி அனுப்பும். முட்டைகள் துண்டுக்குள்ளேயே கட்டாக இருந்துவிட்டால் உப்புத் தண்ணீரில் எப்படி மிதக்கும்? படித்த பாடம்தான். முதல் நாள் நினைவுக்கு வரவில்லை. உங்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள்.

"கொத்துக் கொத்தால்ல வெச்சிருக்குது! இத்தனூண்டு துண்டுக்குள்ள ஒரு ஊரே குடியிருக்குதுங்களே."

அதன் பிறகுதான் வீட்டு விஷயத்தைச் சொன்னீர்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் உங்கள் மகன் மனைவியையும் கைக்குழந்தையையும் உங்களிடம் விட்டிருந்தார். குழந்தை தவழத் தொடங்கியிருந்தது. புழு உள்ள நாய் வீட்டில் இருக்கக் கூடாது, ஆனைகட்டியில் உறவினர் தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் முடிவு. "அவன் சொல்றதும் தப்பில்லீங்க, புள்ளைக்கு ஒண்ணுன்னா நானே அடிச்சுத் தொரத்திருவேன்" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா வெடியால இருட்டுல மோட்டார் போடப் போறப்ப முன்னால அவந்தானுங்க போறான். ரெண்டு தடவ பாம்பக் காட்டிக் குடுத்திருக்கறான்" என்றீர்கள்.

மாத்திரை எடைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். மறுநாள் கூட்டி வந்தபோது துரை தராசில் நிற்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு தீவன மூட்டைத் தராசில் நீங்கள் ஏறினீர்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏற வேண்டியிருந்தது. "கழிச்சுப் பாத்துட்டு என்ற எடைய அடிச்சுப் போடுங்க, ஆசுபத்திரிச் சீட்டுல இருக்கக் கூடாது" என்று பக்கத்தில் நின்று அடிக்க வைத்தீர்கள்.

மாத்திரை வேலை செய்தது. இருபத்து நான்காம் நாள் இன்னொரு தீப்பெட்டி வந்தது.

அன்று இரவு வீட்டில் காகிதத்தோடு உட்கார்ந்தேன். எடையைத் தவறாகக் கழித்தேனா, மாத்திரையை நாய் துப்பிவிட்டதா, மருந்தே பழுதா என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. மருந்து தவறியிருந்தால் துண்டுகள் வருவது நின்றே இருக்காது. மூன்று வாரம் நின்று மறுபடி வந்தால் அது புதிய புழு. இந்த வகைப் புழு தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் வரும். கடிக்கிற இடத்தை நாய் பல்லால் நறுக்கும்போது தெள்ளு வயிற்றுக்குள் போய்விடும், அதற்குள் இருக்கும் குஞ்சுப் புழுவும் கூடவே போகும். ஆனால் இரண்டு முறையும் துரையின் மேல் சீப்பு போட்டுப் பார்த்திருந்தேன். ஒரு தெள்ளு இல்லை. உரோமம் பளபளவென்றிருந்தது, சோப்பு வாசனையடித்தது.

இரண்டாவது மாத்திரையும் கொடுத்தேன். ஏறக்குறைய அதே கணக்கில் மூன்றாம் தீப்பெட்டி. துரையை ஏற்றிப்போக ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாக மகன் சொல்லிவிட்டார் என்றீர்கள்.

கூப்பிடாத வீட்டுக்குப் போக எனக்கு எப்போதும் கூச்சம். சனிக்கிழமை போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் நீங்கள் பதறிப்போனீர்கள்.

"அய்யய்யோ, சொல்லிட்டு வரக்கூடாதுங்களா? துரையக் குளிப்பாட்டவே இல்லீங்களே!"

"தினமும் குளிப்பாட்டுவீர்களா அக்கா?"

"தினமுமா? உங்ககிட்டக் கூட்டியாரன்னைக்குத்தானுங்க. டாக்டருகிட்ட அழுக்கு நாயக் கொண்டாந்தா ஊட்டுக்காரங்கள என்னன்னு நெனப்பீங்க? சோப்புப் போட்டு, சீப்புல சீவி, சுத்தமாத்தான் கொண்டாருவேன்."

நான் தேடிய சாட்சியை ஒவ்வொரு முறையும் நீங்கள் மரியாதைக்காகக் கழுவிவிட்டு வந்திருக்கிறீர்கள். நாய் எங்கே படுக்கும் என்று நானும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

மோட்டார் அறையில் தேங்காய் நார் நிரம்பிய பழைய சாக்குகளின் மேல்தான் அவன் படுக்கை. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் வெள்ளைப் பக்கத்தை நனைத்து, துரையின் வாலடி உரோமத்தை அதன்மேல் தட்டினேன். மிளகுத்தூள் போல் கறுப்புத் துகள்கள் விழுந்தன. சற்று நேரத்தில் ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்பாக ஊறியது. "இது அவன் இரத்தம். தெள்ளு குடித்துவிட்டுப் போட்ட எச்சம்" என்றேன். நீங்கள் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா நானே ஒளிச்சு வெச்சிருக்கறேன்" என்றீர்கள். எவ்வளவு மறுத்தும் அந்தச் சொல்லை நீங்கள் திரும்பப் பெறவில்லை.

சாக்குகளை எரித்தோம். தரை, மூலை, கதவிடுக்கு எல்லாம் கூட்டி மருந்தடித்தோம். துரைக்குத் தெள்ளு மருந்தும் மாத்திரையும் ஒன்றாகக் கொடுத்தேன். மறுநாள் மகன் வந்தபோது நானும் இருந்தேன். குழந்தை ஒரு தெள்ளை விழுங்கினால் ஒழிய இந்தப் புழு அதற்கு வராது, அது மிக அரிது, வந்தாலும் மருந்துண்டு என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க சார். இனிமே வராதுன்னு உறுதியாச் சொல்றீங்களா?"

சொல்லியிருக்கலாம். நாய் அங்கேயே இருக்க அந்த ஒரு சொல் போதும். மண்ணுக்குள் தெள்ளின் கூட்டுப்புழுக்கள் மிச்சமிருந்து பிறகு பொரியலாம் என்பது எனக்குத் தெரியும். "தெரியவில்லை. இரண்டு மாதம் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதுவரை நாய் குழந்தை இருக்கும் பக்கம் வர வேண்டாம்" என்றேன். துரையை நானே வண்டியில் ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் மகனிடம் திரும்பினீர்கள். "போன வருசம் நம்ம செவலை மாட்டுக்கு ஒருத்தன் நூத்துக்கு நூறு பொழைச்சுக்கும்னான். நாலாம் நாள் குழி தோண்டுனம். இவரு தெரியலைங்கறாரு கண்ணு. தெரியலைங்கறவரு மறுக்கா வந்து பாப்பாரு."

மகன் மோட்டார் அறைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "ரெண்டு மாசம் பாக்கலாமுங்கம்மா" என்றார்.

இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை வந்தேன். நான்காம் வாரம் சில தெள்ளுகள் கிடைத்தன, மறுபடி மருந்தடித்தோம். துண்டு ஒன்றும் வரவில்லை. துரை அதன்பின் ஆறு ஆண்டுகள் உங்களுக்கு முன்னால் நடந்து, வயதாகித்தான் போனான்.

அக்கா, முப்பது ஆண்டுகளாக 'தெரியவில்லை' என்ற அந்த ஒரு சொல்லை நான் தோல்வியென்று நினைத்து மறைத்தே வேலை பார்த்திருக்கிறேன். தெரியாத இடத்தில் எல்லாம் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். அதை நீங்கள் மகன் எதிரில் எனக்கு நற்சான்றாக மாற்றினீர்கள். நான் நன்றி சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே ஆண்டுகள் போய்விட்டன.

நேற்று பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, தன் நாய் சோறு தின்றும் இளைத்துக்கொண்டே போகிறது, என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் முகம் வாடியது. வீடு எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டேன். இன்று பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். மணி ஒன்பதேகால் ஆகிறது. அந்த நாய்க்கு என்னவாக இருக்கும் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். போய்ப் பார்க்க வேண்டும்.