கை எட்டாத பாட்டில்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. புது ஊரில் வேலையும் தங்கும் இடமும் வசதியாக அமைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையுமில்லை என்று எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

மாடியில் உன் திசு வளர்ப்பு அறையில் பாட்டில்களுக்குள் நீ வளர்த்த தேக்குக் கன்றுகள் பூசணம் பிடித்துச் செத்தது உன்னால் அல்ல. என்னால்.

நீ கருத்தரங்குக்குப் போனபோது, விளக்குகள் எரிகின்றனவா என்று மட்டும் பார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்தாய். பாட்டில்களின் உள்பக்கம் நீர் கோத்து மங்கலாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவி, இஸ்திரி போட்ட கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் திறந்து துடைத்தேன். உங்க சுத்தம் வேற, இந்த ரூம் சுத்தம் வேற அத்தை, திறந்தா கிருமி போயிடும், மூடியை மட்டும் தொட்டுடாதீங்க என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை. நேற்று வந்தவள் எனக்குச் சுத்தம் சொல்லித் தருவதா என்றுதான் திறந்தேன்.

ஐந்தாம் நாள் எல்லாம் கறுத்துவிட்டன. நீ மொட்டு எடுத்து வந்த தாய்மரத்தை அதற்குள் சாலைக்காக வெட்டியிருந்தார்கள். மறுபடி மொட்டு எடுக்க வழியில்லை. கையைக் கழுவினியா இல்லையா என்று என் மகன் உன்னைக் கேட்டான். நீ தளர்வாக மூடி வைத்த மூடிகள் இறுகத் திருகியிருந்ததை நீ கவனித்திருப்பாய். என்னைப் பார்த்தாய். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். நான் படித்த கான்வென்ட்டில் இந்தக் கவனக்குறைவுக்கு முட்டி போட வைப்பார்கள் என்றேன். நீ மறுநாளே பெட்டி கட்டினாய்.

மேல் தட்டில் என் கை எட்டாத பாட்டில் ஒன்று தப்பியிருக்கிறது. நான்கு தளிர்கள். அடியில இருக்கிற சத்துக்கூழ் வத்திக்கிட்டு வருது, இரண்டு வாரத்துக்குள் வேறு பாட்டிலுக்கு மாத்தணும், எனக்கு அந்த வேலை வராது, அவளாலதான் முடியும் என்று நேற்று உன் கணவன் சொன்னான். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. எழுந்து மாடிக்குப் போய்விட்டான். திட்டியிருக்கலாம்.

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. தவறாக எழுதியிருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

இத்துடன் அந்த அறைச் சாவியை வைத்திருக்கிறேன். உன் கணவனிடம் வேறு சாவி இருக்கிறது. இது நீ என்னை நம்பிக் கொடுத்தது. நீ வந்தாலும் வராவிட்டாலும் இனி இது என்னிடம் இருக்கக் கூடாது. வந்தால் கதவை நீயே திற. நான் கீழேயே இருக்கிறேன்.

நன்றாக இரு, அம்மா.

உன் அத்தை