என் கைமேல் உன் கை

அக்கா,

இன்று உன் கருமாதி. வந்தவர்களுக்கு டீ கொடுக்க உன் மகள் புதுக் கப்புகள் வாங்கி வந்திருந்தாள். வெள்ளைப் பீங்கான், விளிம்புக்குக் கீழே ஒரு நீலப் பூ. ஐந்து இதழ், நடுவில் ஒரு புள்ளி. நான் வேலை பார்த்த அதே பட்டறையில் சுட்ட சரக்கு. நான் போட்டிருக்க வேண்டிய பூவை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மங்கலம்பேட்டை ரோட்டில் ஸ்கூட்டி சறுக்கித் தலையில் அடிபட்ட என்னை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டவள் நீ. சோறு ஊட்டினாய், தலை வாரிவிட்டாய். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. யார் பேசினாலும் எனக்கு விளங்கியது, பதில்தான் வரவில்லை. சொல் உள்ளேதான் இருக்கும், எடுக்கப் போனால் வழி தெரியாது. அதனால் நாம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். உன் முழங்காலில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ஒரு நிமிஷத்துல எத்தன மிருகத்தோட பேரு வருதோ சொல்லுங்க" என்றார். பொம்மை யானைகளுக்கு ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் நெற்றிப்பட்டம் வரைந்தவள் நான். அந்த யானையின் பெயர்கூட வரவில்லை. "மாடு" என்றேன். யோசித்து யோசித்து மறுபடியும் "மாடு". பக்கத்தில் நீ உதட்டை அசைக்காமல் "ஆடு, ஆடு" என்று முனகினாய். "நீங்க சொல்லக் கூடாதுங்க" என்று அவர் உன்னை அதட்ட, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்ட பிறகு அன்றுதான் சிரித்தேன். அடுத்து, தாளில் இருந்த புள்ளிகளைச் சேர்த்துப் புதிது புதிதாக உருவம் போடச் சொன்னார். கை தடுமாறாமல் ஓடியது. ஆனால் தாள் முழுக்க ஒரே பூ. சொல்லுக்கு நேர்ந்ததுதான் கைக்கும் நேர்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா.

பிறகு ஒரு நாள் பட்டறை முதலாளி என்னைத் தேடி வந்தார். "பொம்ம வேல வேணாம்மா. கப்புல ஒரே பூதான். அதயே போட்டுகிட்டு இருந்தா போதும். வர்றியா?"

எனக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு வேலை. வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. உன் முழங்காலில் தட்டினேன். ஒரே தட்டு. நீ இரண்டு என்று எண்ணிவிடக் கூடாதே என்று கையை அங்கேயே அசையாமல் வைத்திருந்தேன். நீ அதன்மேல் உன் கையை வைத்து அமுக்கினாய். பார்த்தவருக்கு அது பாசமாகத் தெரிந்திருக்கும்.

"வேணாங்கறா அண்ணே. வூட்டோட இருக்கட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகு எனக்குச் சொல் வந்தது. "வரேன்" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்க்காமல், "அங்க போயி நாலு பேரு முன்னாடி அசிங்கப்படணுமாடி?" என்றாய்.

அசிங்கம் எனக்கா, உனக்கா? என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் உன்னிடம்தான் பேசினார்கள். எனக்குப் பசியா, வலியா என்று நீ சொல்ல அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். என் வாயாக இருப்பது உனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். ஊரார் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் பொறுத்துப்போயிருப்பேன். அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். தெரிந்தே செய்தாய். எனக்கு ஓரளவு பேச்சு வந்த பிறகு ஏன் என்று கேட்டேன். "இப்ப எதுக்குடி அது" என்று அடுப்படிக்குப் போய்விட்டாய். இப்போதும் வயிறு எரிகிறது. நீ ஊட்டிய சோற்றை நினைத்தாலும் அது அடங்கவில்லை.

இன்று முதலாளியும் வந்திருந்தார். பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருக்க, உன் மகளிடம் கேட்டார்: "ஒங்க சித்தி இப்ப பேசுறாங்களா?"

அவள் வாயெடுப்பதற்குள், "நானே... சொல்றேன்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நான்... வரேன்னுதான் சொன்னேன்." அவர் மாலை போட்ட உன் படத்தைப் பார்த்தார். பிறகு கப்பைக் கீழே வைத்தார்.

அந்தச் சொற்கள் வர எவ்வளவு நேரமாயிற்று என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் எதைக் கேட்டாலும் முதலில் என் விரல் ஒரு தட்டு தட்டுகிறது. உடனே புறங்கையில் உன் கையின் கனம் வந்து உட்காருகிறது. அதை நகர்த்திவிட்டுத்தான் நான் சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது.