வாயில் குண்டூசி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்றே எழுதிப் பழகிய கை, அதனால் எழுதிவிட்டேன், மிச்சத்தைக் கீழே படித்துத் தெரிந்துகொள். குளிரில் பேத்தியின் காதை மூடி அனுப்பு, உனக்கு அதெல்லாம் நினைவிருக்காது.

அப்பாவைப் பற்றி எழுதும் முன் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் வராது. மருந்துக்கடை மாடியில் ஒரு குழு இருக்கிறது, புற்றுநோய் வந்தவர்களுக்கும் வீட்டாருக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் அனுப்புவார்கள், அந்த நோயைப் பார்த்து மீண்டவர்களே வருவார்கள். கதிர் சிகிச்சை முடிந்தபின் அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, பொறுக்க முடியாமல் நான்தான் போய்ப் பெயர் கொடுத்தேன். அவர்கள் அனுப்பியது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரை. அவருக்கும் தொண்டையில்தான் வந்ததாம், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், கழுத்தில் இருக்கும் துளையை விரலால் அடைத்துக்கொண்டால் காற்றோடு காற்றாக நாலு வார்த்தை வரும். பேச்சுத்துணைக்கு அனுப்ப இவரா கிடைத்தார் என்று மனதுக்குள் நொந்துகொண்டேன். முதல் நாளே அப்பா அவரோடு சிரித்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்.

அவர் வந்தால் வீட்டார் அந்த அறையில் இருக்கக் கூடாது, அது அவர்கள் வழக்கம். குழுவை நடத்தும் நர்ஸம்மா, அந்த நேரம் உங்களுக்கும்தான், வெளியே காலாற நடந்து வாருங்கள் என்று என்னிடம் இனிக்க இனிக்கச் சொன்னாள். நான் எங்கே நடப்பது, பக்கத்து அறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மிதித்தால் கேட்காது, மிதிக்காவிட்டால் தெரிந்துவிடும். உள்ளேயிருந்து உன் அப்பா, மிஷின் சத்தத்தையே காணோமே என்று கரகரத்த குரலில் கேட்கிறார், டிரைவர் புஸ்ஸென்று காற்றுச் சிரிப்பு சிரிக்கிறார். அன்று துணியில்லாமலே மிஷினை ஓட்டினேன். இத்தனை வருஷம் இவரோடு குப்பை கொட்டியவள் நான், கஞ்சி ஆற்றிக் கொடுப்பவள் நான், எச்சில் துப்பும் கிண்ணத்தைக் கழுவுபவள் நான், மனசைத் திறப்பது மட்டும் எவனோ ஒரு டிரைவரிடம். அவர் சட்டையில் பொத்தான் தொங்கியது, தைத்துத் தரட்டுமா என்று நான் கேட்கவே இல்லை. அவ்வளவு கோபம்.

போன வாரம் டாக்டர், நோய் மறுபடி தலைகாட்டியிருக்கிறது, அப்பாவுக்கும் குரல்வளையை எடுத்தாக வேண்டும், பிறகு இந்தக் குரல் இருக்காது என்றார். மறுபடி வந்தால் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்வீர்களா என்று வீட்டில் நான் கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பியவர், டாக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள் சரி என்று தலையாட்டினார். டிரைவரோடு பேசி எப்போதோ முடிவெடுத்தாயிற்று. கட்டியவளுக்குத்தான் கடைசியில் சேதி. நேரே மாடியேறிப் போய் அந்த ஆளை மாற்று என்று நர்ஸம்மாவிடம் சண்டை போட்டேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டித் தீர்த்த பிறகு எனக்கே மூச்சு வாங்கியது, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியுமே, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வேன், நீகூடச் சின்ன வயதில் பயந்து கத்துவாய். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாப்பிட்ட பிறகு, என்று ஆரம்பித்து நிறுத்தினார். வேறு நாளாக இருந்தால் மாத்திரைதானே, எடுத்து வைத்திருக்கிறேன் என்று நானே முடித்திருப்பேன். அவருக்குத் தொண்டை நோகக் கூடாதே என்று எப்போதும் மீதியை நான்தான் சொல்வேன். அன்று வாய் நிறைய ஊசி, என்ன செய்ய. அவர் எச்சில் விழுங்கிவிட்டு மெதுவாக, மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்சம் காற்றாட உட்காரலாமா என்று முடித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாத்திரையே இல்லையடி.

அப்புறம் ஓரம் மடிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். அவருக்குப் புரியாமலா இருக்கும். நேற்று சொன்னார்: "டிரைவர் அவசரப்பட மாட்டாரு. நீ என் பேச்ச முடிச்சு வைக்கிறது நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல." வலித்தது. அழுதால் ஊசி விழும் என்று அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் நிறையப் பேசினார், உன்னைப் பற்றியும்தான்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னோடு போனில் பேசுவார். உன்னிடம் சொல்ல ஒன்று வைத்திருக்கிறார், அவர் குரலிலேயே சொல்ல வேண்டுமாம். என்னவென்று எனக்குத் தெரியும், எழுதக் கை துறுதுறுக்கிறது, எழுத மாட்டேன். இப்போது உன் மேலும் எனக்குப் பொறாமைதான், வைத்துக்கொள். டிரைவருக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டேன், ஆனால் அவர் சிரிக்கும்போது இன்னும் எரிகிறது, அது போகட்டும். அவர் வந்தால் இப்போது நிஜமாகவே தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வராது. வாய் மட்டும் என் வாய் உனக்கு, அதனால்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பேசும்போது நடுவில் சத்தமே இல்லாமல் போகும். ஹலோ ஹலோ என்று கத்தாதே, போனை வைத்துவிடாதே. லைன் போயிருக்காது. அப்பா அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
வாயில் ஊசியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகும்
உன் அம்மா